மெஷின்ல காட்டாத ஆளு

ஹாஸ்டல் மொத்தமும் இந்தக் கதையத் தப்புத் தப்பா சொல்லிட்டுத் திரியுது. பொதைஞ்சவன் நான். நானே சொல்றேன், வாய மூடிட்டுக் கேளுங்க.

பாளையங்கோட்டையில இருந்து நாங்க நாலு பேரு இமயமலைக்குப் பனி பாக்கப் போனோம். இசக்கி, ஜெபராஜ், மைதீன், அப்புறம் கொம்பையாங்கிற நான். அதுவரைக்கும் நாங்க பாத்த பனி, மார்கழியில பைக் சீட்டு மேல நிக்குமே, அதுதான்.

கைடு பேரு நேகி. காலையிலயே சொல்லிட்டாரு, இன்னிக்குப் பனிச்சரிவு அபாயம் அஞ்சுக்கு மூணுன்னு.

"அறுபது பர்சன்ட். பர்ஸ்ட் கிளாஸ்லே"ன்னான் ஜெபராஜ். அரியர் வச்ச நாலு பேருக்கும் ஒரே சந்தோஷம்.

அப்புறம் ஆளுக்கொரு சிக்னல் மெஷின் கழுத்துல மாட்டிவிட்டாரு. அது பாட்டுக்கு சிக்னல் அனுப்பிட்டே இருக்குமாம். ஒருத்தன் பனியில பொதைஞ்சா, மத்தவன் தன்னோட மெஷின, தேடுற பட்டனுக்கு மாத்தி வச்சா, அது வழி காட்டுமாம். "கண்ண நம்பாதீங்க, மெஷின நம்புங்க"ன்னாரு.

அவர் மொதல்ல சரிவத் தாண்டி அந்தப் பக்கம் மறைஞ்சாரு. நான் ஆரம்பிச்சேன். "மெஷின் தொலைஞ்சா யாருலே பதில் சொல்றது? டூர் போனா எல்லார் டிக்கெட்டும் ஒருத்தன் கையிலதான இருக்கும்?"

"கழுத்துலயே இருக்கணும்னாரே"ன்னான் மைதீன். விட்டேனா. அவன் வாய் வலிக்கிற வரைக்கும் வாதாடி ஜெயிச்சேன். நாலு மெஷினும் இசக்கி பைக்குள்ள போச்சு.

ஒவ்வொருத்தராத்தான் தாண்டணும். யாரு மொதல்லன்னு ஒரு சண்டை. அதுலயும் நான்தான் ஜெயிச்சேன்.

பாதி வழியில, அரிசி மூட்டை அவுந்த மாதிரி பனி சரிஞ்சு என்ன நெஞ்சு வரைக்கும் பொதச்சிருச்சு. ரெண்டு கையும் உள்ள. தலைக்கு மேல இன்னொரு பெரிய பனிப்பொதி தொங்குது. அது விழுந்தா நான் காலி.

"லேய், இங்க இருக்கேன். வந்து தோண்டுங்கலே."

"கத்தாத. தேடிட்டு இருக்கோம்லா"ன்னான் இசக்கி. பையக் கீழ வச்சிட்டு, ஒரு மெஷின மட்டும் வெளிய எடுத்துத் தேடுறதுக்கு மாத்தியிருந்தான். அது பையப் பாத்து அம்புக்குறி போட்டுச்சு. மூணு பேரு பொதைஞ்சிருக்காங்கன்னு காட்டுச்சு.

"மூணு பேரா? இவன் ஒருத்தன்தான"ன்னான் ஜெபராஜ்.

"நாமதாம்லே மூணு பேரு"ன்னான் மைதீன், மெதுவா.

"அப்ப பொதைஞ்சது நாமளா?"

ஜெபராஜ் குல்லாவக் கழட்டிட்டான். "வீட்டுல சொல்லிட்டுக்கூட வரலயேலே."

"நல்லாத்தான மூச்சு விடுதோம்?"ன்னான் மைதீன்.

"உனக்கு அப்படித்தான் தோணும். மெஷின நம்பச் சொன்னாருல்லா?"

இசக்கி என்னப் பாத்துக் கும்பிட்டான். "மக்கா கொம்பையா, வெளிய இருக்கது நீ ஒருத்தன்தான். எங்கள எப்படியாவது தோண்டி எடுத்திருலே."

"கூமுட்டைகளா, அது பையில இருக்க மெஷினு. ஒன்ன என் கழுத்துல மாட்டு. மிச்சத்த ஆஃப் பண்ணு."

வந்து மாட்டினானுங்க. உடனே தோண்டினானுங்களா? திரும்ப ஓரத்துக்கே நடந்து போய், அங்கருந்து ஒழுங்கா தேடிட்டு வந்தானுங்க. இப்ப மெஷின் ஒருத்தன்னு காட்டவும், செத்துப் பொழைச்ச மூணு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதானுங்க. அப்புறந்தான் என்னத் தோண்டி இழுத்தானுங்க.

வெளிய வந்து பாத்தா வலது கால்ல பூட்ஸ் இல்ல. குழிக்குள்ள மாட்டிக்கிச்சு. குனியப் போறேன், மேல பனிப்பொதி மளுக்குன்னு விரிசல் விட்டுச்சு. மூணு பேரும் பையத் தூக்கிட்டு ஓடினானுங்க. அவசரத்துல மூளை வேலை செய்யாத பயலுக.

நான் அப்படியில்ல. கழுத்துல கிடந்த மெஷினக் கழட்டி, பூட்ஸ் கிடந்த குழிக்குள்ள போட்டுட்டுத்தான் ஓடினேன். பின்ன, பூட்ஸ எப்படித் தேடுறதாம்?