பேருந்து நிலையத்துக்கு வாசல் போட்டவர்

மதுரைக்கு வெளியே, பஸ் நிற்காத ஓரிடத்தில், ஒரு கட்டடக்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே இறுதியாண்டு படித்த நெப்போலியன், தெய்வானை, ஜமால் மூன்று பேரையும் நான் முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களுக்கு நம் ஊரில் வேறு பெயர் இல்லை என்றால் அது அவர்கள் குற்றமா?

மூவரும் சேர்ந்து ஒரு பேருந்து நிலையம் வரைந்திருந்தார்கள். நன்றாகவே வரைந்திருந்தார்கள். ஆனால் போன வருஷம் ஜூரி, அதாவது வெளியூரிலிருந்து மதிப்பெண் போட வரும் பெரியவர்கள், அதை விளக்கச் சொன்னபோது மூன்று பேருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஃபெயில். இந்த வருஷமும் ஃபெயிலானால் பட்டம் கிடையாது, மூட்டை கட்டவேண்டியதுதான். தெய்வானையின் அப்பா வேறு, மகள் ஆர்க்கிடெக்ட் ஆகிவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

இப்படிப்பட்டவர்களுக்கென்றே பேச்சுக்கும் எழுத்துக்கும் ஒரு வகுப்பு வைத்தார்கள். நடத்தியவர் அங்கயற்கண்ணி மேடம். பாவம், நல்ல மனுஷி. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கேட்டவர்கள்தான் இவர்கள்.

"கட்டடத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்க முன்னாடி பேசிப் பழகுங்க. அவங்களுக்குப் புரிஞ்சா ஜூரிக்கும் புரியும்" என்றார் மேடம்.

மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"வாட்ச்மேன் அண்ணன்கிட்ட பேசுவோமா?" என்றான் நெப்போலியன்.

"அவருக்குச் சொந்த வீடு இருக்குடா. எல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்றான் ஜமால்.

"அப்ப கேட்டுக்கு வெளியே மேயுற எருமை?"

"அதைத் தொழுவத்துல கட்டுறாங்க. தூணு, கூரை எல்லாம் அதுக்கு அத்துபடி."

"காக்கா?"

"அது கூடே கட்டுது. நமக்கெல்லாம் சீனியர்" என்றாள் தெய்வானை.

கடைசியில் முதல்வர் அறைக்கு வெளியே இருந்த மீன்தொட்டி அகப்பட்டது. மூவரும் அதன் முன்னால் வரிசையாக நின்று பேருந்து நிலையத்தை விளக்கினார்கள். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு கேள்விகூட வரவில்லை. முழுசாகப் புரிந்துவிட்டது என்று கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அடுத்த வகுப்பில் மேடம், "ஆய்வுல எதையும் அடிச்சுச் சொல்லாதீங்க. 'என்று தோன்றுகிறது', 'மேலும் ஆய்வு தேவை'ன்னு அடக்கமாச் சொல்லுங்க. ஆதாரம் இல்லாம ஒரு வரி வரக்கூடாது" என்றார்.

வகுப்பு முடிந்து டீ குடிக்கப் போனார்கள். நெப்போலியன் தோளில் சுருட்டி வைத்திருந்த வரைபடத்தின் நுனி டீக்கடை அடுப்பில் பட்டுப் புகைந்தது.

"தீப்பிடிச்சிருக்கலாம்னு தோணுது" என்றான் ஜமால்.

"ஆதாரம்?" என்றான் நெப்போலியன், திரும்பாமல்.

"புகை வருது."

"அது டீயோட ஆவியாக்கூட இருக்கலாமே" என்றாள் தெய்வானை. "மேலும் ஆய்வு தேவை."

ஆய்வு முடிவதற்குள் கடைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார். ஒரு மூலை மட்டும் போயிருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் புதுத் தாளில் திரும்ப வரைந்தார்கள். எரிந்த மூலையில் என்ன இருந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆதாரமில்லாமல் வரையக்கூடாதே! அந்த இடத்தில் சுவரை நேராக இழுத்து மூடிவிட்டார்கள்.

ஜூரிக்கு முந்தின நாள் மேடம் கடைசியாக ஒன்று சொன்னார். "கேக்கிறவங்களைக் கையைப் பிடிச்சு, வாசல்லேருந்து உள்ளே கூட்டிட்டுப் போற மாதிரி பேசணும்."

மறுநாள் சென்னையிலிருந்து பூவராகன் என்ற பெரிய கட்டடக் கலைஞர் வந்து உட்கார்ந்தார். நெப்போலியன் நேராகப் போய் அவர் கையைப் பிடித்தான். எழுப்பினான். ஹாலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், மறுபடி வாசல் வழியாக உள்ளே கூட்டிவந்து வரைபடத்துக்கு முன்னால் நிறுத்தினான். இது ஏதோ புது முறை போலிருக்கிறது என்று மற்ற ஜூரிகள் குறித்துக்கொண்டார்கள்.

பூவராகன் வரைபடத்தை உற்றுப் பார்த்தார். "சுத்தி நாலு பக்கமும் சுவரா இருக்கேப்பா. பஸ் எப்படி உள்ள வரும்?"



"வரலாம் என்று தோன்றுகிறது, ஐயா" என்றாள் தெய்வானை.

"எப்படிம்மா?"

"மேலும் ஆய்வு தேவை."

பூவராகன் அசந்துவிட்டார். "இருபது வருஷமா ஜூரிக்குப் போறேன். தெரியாததைத் தெரியலன்னு ஒத்துக்கிட்ட பசங்களை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றவர், தன் சிவப்புப் பேனாவால் சுவரில் ஒரு வாசலை வரைந்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். "பாஸ். ஆய்வேட்டுல உறுதிமொழியை எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

மேடம் அழுதேவிட்டார். சந்தோஷத்தில்தான்.

உறுதிமொழி என்பது ஒரே வரி. 'இந்த ஆய்வேடு என் சொந்த உழைப்பு, பிறரைப் பார்த்து எழுதியதல்ல.' எப்படி எழுதுவது என்று பார்க்க, நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைப் புரட்டிய ஜமாலுக்கு வியர்த்துவிட்டது.

"எல்லாரும் இதே வரியை எழுதியிருக்காங்கடா! பார்த்து எழுதலங்கிறதையே பார்த்து எழுதியிருக்காங்க!"

அடுத்தவர் வார்த்தையை எடுத்தால் திருட்டு, கருத்தை எடுத்தாலும் திருட்டு என்று மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனவே ஆளுக்கொரு மாதிரி எழுதுவது என்று முடிவாயிற்று. நெப்போலியன், 'இதை நான் செய்தேன்' என்று எழுதினான். அந்தக் கருத்து தீர்ந்துபோனதால் தெய்வானை, 'இதை நான் செய்யவில்லை' என்று எழுதினாள். ஜமாலுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

"முதல்ல நெப்போலியன் வரிக்கு ஆதாரம் எங்கே?" என்றான் ஜமால் கோபமாக.

"நான் வரைஞ்சதை நீங்க ரெண்டு பேரும் பார்த்தீங்களே!"

"நாங்க உனக்கு வேண்டியவங்க. எங்க சாட்சி செல்லாது."

நியாயமாகப் பட்டது. நெப்போலியன் தன் வரியை அடித்தான். முழு வரைபடத்திலும் ஊரறியப் போட்டது அந்த வாசல் ஒன்றுதான், கையெழுத்தோடு இருந்ததும் அதுதான். ஜமால் நிம்மதியாக எழுதினான்: 'இதைச் செய்தவர் திரு. பூவராகன்.'

அலுவலகத்தில் உறுதிமொழியை அதுவரை யாரும் படித்ததில்லை. அந்த வருஷம் புதிதாக வந்தவர் ஒருவர் படித்துத் தொலைத்தார். உறுதிமொழியில் செய்தவர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே பட்டம் என்பது விதி. அவரும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்தான்.

பட்டமளிப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் பூவராகனையே அழைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக மேடையேறி அவர் கையால் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு மைக்கில் அவர் பெயரே வந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் மேடையேறவில்லை. பின்னால் வரிசை காத்திருந்தது. வலது கையிலிருந்த பட்டத்தை இடது கைக்குக் கொடுத்துவிட்டு, போட்டோவுக்குச் சிரித்தார்.

கடைசி வரிசையில் மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தெய்வானைக்குக் கண் கலங்கிவிட்டது.

"போன வருஷம் நம்ம குரூப்ல ஒருத்தர்கூடப் பாஸாகல" என்றாள். "இந்த வருஷம் ஒருத்தர் பாஸாயிட்டாருடா!"