சிவாஜினியின் ஞாயிறு மிக்ஸ்

"ரீச்சர், நீங்கள் எனக்கு ஒண்டும் சொல்லித் தாறியளில்லை."

கேதீஸ் இதைச் சொன்னபோது சிவாஜினி ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லித் தரேல்லை?"

"ஒரு பாட்டிலை இருந்து மற்றப் பாட்டுக்கு எப்பிடிப் போறது? எதைக் கூட்டுறது, எதைக் குறைக்கிறது? மிக்ஸ் பண்ணப் பழகத்தானே வந்தனான். நீங்கள் கேள்விதான் கேக்கிறியள். அதுவும் ஒரே கேள்வி."

அவள் ஹெட்ஃபோனை அவரிடம் நீட்டினாள்.

"இது இந்தக் கிழமை வந்தது. கேட்டிட்டுச் சொல்லுங்கோ. எப்பிடி இருக்கு?"

கேதீஸ் பெருமூச்சு விட்டார்.

அதே கேள்வி.

தென் லண்டனில் மிச்சம் என்று ஓர் இடம் உண்டு. அங்கே கம்பளக் கடை ஒன்றின் மேல்மாடியில், ஒரு சின்ன அறையில் ஓர் இணைய வானொலி நடந்துவந்தது. ஞாயிறு பின்னேரம் சிவாஜினியின் நேரம்.

அவள் போடுவது ட்ரம் அண்ட் பேஸ் என்கிற இசை. மேலே ட்ரம் ஓட்டமாய் ஓடும். கீழே பேஸ் என்கிற கனத்த ஒலி அவசரமில்லாமல் நடக்கும். ஓடுவதும் நடப்பதும் எப்படியோ ஒன்றாகவே போய்ச் சேரும்.

பெரிய கம்பனிகள் விடுகிற இசையை அவள் தொடுவதில்லை. பிரிஸ்டலிலும் புடாபெஸ்டிலும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு இசை செய்கிறவர்கள், ரிலீஸ் ஆவதற்கு முன்பே அவளுக்கு அனுப்பிவைப்பார்கள். சிவாஜினி தன் மிக்ஸில் ஒரு பாட்டைப் போட்டால், அந்தச் சின்ன உலகத்தில் எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

கேதீஸ் ஹீற்றர் திருத்துகிறவர். அவளைவிட மூத்தவர். ஒரு குளிர்காலத்தில் அந்த அறையின் ஹீற்றரைப் பார்க்க வந்தார். வேலை முடிந்தும் போகவில்லை. ஸ்பனரை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்து, மிக்ஸ் முடியும்வரை கேட்டார்.

"இதுக்குப் பேர் என்ன, தங்கச்சி?"

சொன்னாள்.

"என்னைப்போல ஆக்கள் பழகலாமோ?"

"பழகலாம்."

அடுத்த ஞாயிறு ஒரு பிஸ்கற் பெட்டியோடு வந்து நின்றார். அவளை ரீச்சர் என்று கூப்பிட்டார். பகிடிக்குத்தான். கொஞ்ச நாளில் பகிடி கழன்று, ரீச்சர் மட்டும் மிஞ்சியது.

இப்போது அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டார்.

"நல்லா இருக்கு, ரீச்சர்."

"நல்லா எண்டால்?"

"நல்லா எண்டால்... நல்லா."

அவள் பாட்டைத் திரும்ப முதலில் இருந்து விட்டாள்.

அடுத்த கிழமை கேதீஸ் ஆயத்தமாக வந்தார்.

"அடர்த்தியான அடித்தளம், ரீச்சர். அதன்மேல் கூர்மையான, கட்டுக்கோப்பான ஒலி வடிவமைப்பு."

"இதை ஆர் எழுதினது?"

கேதீஸ் தலையைச் சொறிந்தார். "இன்ரநெற்றிலை ஒருத்தர்."

"அவரை நான் கேக்கேல்லை. உங்களைக் கேட்டனான்."

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, அவர் வாசித்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மழை பெய்யுது. தகரக் கூரையிலை. பெருமழை இல்லை. ஆரோ அரிசியை அள்ளி அள்ளி எறியிற மாதிரி."

சிவாஜினி நிமிர்ந்தாள்.

"எங்கை தொடங்குது?"

"பேஸ் ஒருக்கா மூச்சு விட்டாப் பிறகு."

"எங்கை நிக்குது?"

"நிக்கேல்லை. தூரமாய்ப் போகுது. கூரையோடை சேர்ந்து போகுது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு மிக்ஸில் அந்தப் பாட்டைத்தான் முதலாவதாகப் போட்டாள்.

கேதீஸ் பாஸ் பண்ணிவிட்டார். அப்படித்தான் அவர் நினைத்தார். வீடு போகும்வரை ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே போனார்.

அதன் பிறகு பரீட்சை நிற்கவே இல்லை.

"இது?"

"வளையல் பெட்டியைக் குலுக்கிற மாதிரி."

"இது?"

"பக்கத்து அறையிலை ஆரோ கோவத்திலை புத்தகம் புரட்டினம்."

"இது?"

"இதிலை ஒண்டும் இல்லை, ரீச்சர். சும்மா சத்தம்."

அந்தப் பாட்டை அவள் ஒதுக்கிவைத்தாள். கேதீஸுக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் சொல்லைக் கேட்டா? இல்லை, ரீச்சர் முதலே முடிவெடுத்திருப்பா என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

"எப்ப ரீச்சர் என்னை மிக்ஸ் பண்ண விடுவியள்?"

"உங்களுக்குக் கேக்கத் தெரியுது, அண்ணை. அது போதும்."

அந்தப் பதிலைக் கேதீஸ் பல நாள் யோசித்தார். ஊர் முழுக்க ஹீற்றர்களுக்குள் தலையை விட்டுக்கொண்டு யோசித்தார். அதில் ஏதோ பெரிய ஆழம் இருப்பதாகப் பட்டது.

வெயில் நாள் ஒன்றில் அது நடந்தது.

மிக்ஸ் தொடங்கியதுமே ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. ஊசிபோல மெல்லியது. ஏதோ ஒரு வயர் பழுதாகியிருக்க வேண்டும். பாட்டு மாறியது. கீச்சு மாறவில்லை.

கேதீஸ் சிவாஜினியைப் பார்த்தார். அவள் முகத்தில் எதுவும் இல்லை. தலையை மெதுவாக ஆட்டியபடி, ஒரு பாட்டை இன்னொரு பாட்டுக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்.

அவருக்குக் காது கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டார். ரீச்சர் பொறுக்கிறா, நானும் பொறுக்கவேணும் என்று நினைத்தார். சத்தத்துக்கு நடுவில் இசையைக் கேட்கச் சொல்கிறாள். வேறென்ன?

பாதி மிக்ஸில் அவருக்கு உண்மையாகவே ஏதோ விளங்கத் தொடங்குவது போலவும் இருந்தது.

அப்போது திரையில் செய்திகள் வரத் தொடங்கின. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுதினார்கள்.

என்ன அந்தக் கீச்சு?

காது வலிக்கிறது.

சிவாஜினி, அங்கே இருக்கிறீர்களா?

கடைசியாக வந்தது மார்ட்டன் எழுதியது. புடாபெஸ்டில் இருக்கிறவன். அந்த நேரம் போய்க்கொண்டிருந்தது அவன் பாட்டு. அவன் செய்ததில் வெளியே வருகிற முதல் பாட்டு. வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு கேட்கிறேன், தயவுசெய்து அந்தச் சத்தத்தை எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தான்.

சிவாஜினி வாசித்தாள். அவள் கை நின்றது. கேதீஸ் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, சத்தம் ஒண்டு கேக்குதோ?"

"கேக்குது."

"எப்பவிலை இருந்து?"

"துவக்கத்திலை இருந்து."

"ஏன் சொல்லேல்லை?"

"பாடம் எண்டு நினைச்சன், ரீச்சர்."

அவள் சிரிக்கவில்லை. ஒலியைக் கீழே இறக்கினாள். பழைய மிக்ஸ் ஒன்றை ஓடவிட்டாள். பிறகு கதிரையை விட்டு இறங்கி, முன்பொருநாள் அவர் உட்கார்ந்திருந்த அதே நிலத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அந்தக் கீச்சு மாதிரி மேல் சத்தம் கேக்கிறேல்லை, அண்ணை. சிம்பல், அந்த ட்ரம்மோடை அடிக்கிற பித்தளைத் தட்டு, எல்லாம் போட்டுது. கொஞ்சம் கொஞ்சமாய்ப் போய், இப்ப ஒண்டும் இல்லை. திரும்பி வராது எண்டு டொக்டர் சொல்லிட்டார்."

கேதீஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, அந்தக் கேள்வி?"

"கேள்விதான், அண்ணை. தெரியாமல்தான் கேட்டனான்."

கேதீஸுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"நான் ஃபெயில், நான் ஃபெயில் எண்டு நினைச்சுக்கொண்டு எத்தினை ஞாயிறு வீட்டை போனனான், தெரியுமோ?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சொல்லியிருக்கலாம்தானே."

"ஆருக்குச் சொல்லுறது? பாதி காது போனவளுக்கு ஆர் பாட்டு அனுப்புவினம்?"



அவள் எழுந்து ஹெட்ஃபோனின் வயரைச் சுற்றிப் பையில் வைத்தாள்.

"டென்சிலிட்டைச் சொல்லுறன். வேறை ஆளைப் பாக்கட்டும்." டென்சில்தான் அந்த வானொலியை நடத்துகிறவன். "அந்தப் பெடியன்ரை முதல் பாட்டு, அண்ணை. வீட்டிலை எல்லாரையும் கூட்டி வச்சிருந்தவன்..."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

கேதீஸ் பழுதான வயரைக் கண்டுபிடித்து மாற்றினார். பிறகு தனியாக உட்கார்ந்து, மார்ட்டனின் பாட்டைக் கீச்சு இல்லாமல் முழுக்கக் கேட்டார். முடிந்ததும் இன்னொருமுறை கேட்டார்.

கோபம் எப்போது போனது என்று அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை சிவாஜினியின் வீட்டு மணி அடித்தது.

"ஹீற்றர் பழுதில்லையே, அண்ணை," என்றாள் கதவைத் திறந்து.

"தெரியும்."

உள்ளே வந்து உட்கார்ந்தார். அவள் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள்.

"மார்ட்டன் எழுதியிருக்கிறான். திரும்பப் போடுவியளோ எண்டு கேக்கிறான்," என்றார் கேதீஸ்.

"டென்சில் போடுவான்."

"அவன் டென்சிலைக் கேக்கேல்லை."

கேதீஸ் தன் ஃபோனை அவளுடைய பெரிய ஸ்பீக்கரில் இணைத்து, மார்ட்டனின் பாட்டை விட்டார்.

"வேண்டாம், அண்ணை."

"எப்பிடி இருக்கு?"

அவள் அவரை முறைத்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், கேட்டாள்.

"பேஸ் வந்து, மாடு படுத்துக்கொண்டு அசை போடுற மாதிரி. சுகமாய் இருக்கு. கனத்த கீழ் ட்ரம் ஓடுது. மேலை ஒண்டும் இல்லை. வெறும் வானம்."

"வெறும் வானம் இல்லை, ரீச்சர்."

"அப்ப என்ன?"

கேதீஸ் வாயைத் திறந்தார். மழை என்று சொல்லலாமா? இல்லை. வளையல்? அதுவும் இல்லை. அரிசி, புத்தகம், இதுவரை சொன்ன எதுவும் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

சொல் வரவில்லை. பாட்டு போய்க்கொண்டிருந்தது.

சிவாஜினியின் உள்ளங்கையில் கப்பும் சோசரும் இருந்தன. கேதீஸ் கரண்டியை எடுத்தார். சோசரின் விளிம்பில் மெதுவாகத் தட்டினார். பிறகு வேகமாக. மேலே என்ன ஓடிக்கொண்டிருந்ததோ, அதைக் கேட்டுக் கேட்டு அப்படியே தட்டினார்.

தட்டல் உள்ளங்கைக்குள் இறங்க, அவள் விரல்கள் சோசரை இறுக்கிப் பிடித்தன. தேநீரில் சின்னச் சின்ன வளையங்கள் எழும்பின.

அவள் சோசரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேதீஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அழுவாளோ என்று பயந்தார்.

"அண்ணை."

"என்ன, ரீச்சர்?"

"பிந்துறியள்."

"என்ன?"

"உங்கடை கை பிந்துது. அந்தப் பெடியன் அப்பிடி வச்சிருக்க மாட்டான். கீழ் ட்ரம் விழேக்கை மேலை உள்ளது ஏற்கெனவே அங்கை நிக்கவேணும். இல்லாட்டி இந்த பேஸ் இப்பிடிப் படுத்திருக்காது. கொஞ்சம் முன்னுக்குச் சாயுங்கோ."

கேதீஸ் முன்னுக்குச் சாய்ந்தார்.

"உடம்பை இல்லை. கையை."

கேதீஸ் திரும்பத் தட்டினார்.

"இப்ப ஓடுறியள். சாயச் சொன்னனான், ஓடச் சொல்லேல்லை."

அவர் பாட்டை நிறுத்தினார். வெறும் கரண்டியை வைத்துக்கொண்டு, உதட்டுக்குள் எண்ணி எண்ணிப் பழகத் தொடங்கினார். நெற்றியில் வியர்த்துவிட்டது.

சிவாஜினியின் ஃபோன் அடித்தது. டென்சில். நாளைக்கு அவளுடைய நேரத்துக்கு யாரைப் போடுவது என்று கேட்டான்.

அவள் கேதீஸைப் பார்த்தாள். அவர் இந்த உலகத்தில் இல்லை.

"ஒருத்தரையும் போடவேண்டாம்," என்று டென்சிலிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "எனக்கு மேல் சத்தம் கேட்பதில்லை. அதை நாளைக்கு நானே எல்லோருக்கும் சொல்கிறேன். சொல்லிவிட்டு, மார்ட்டனின் பாட்டில் இருந்து தொடங்குகிறேன்."

டென்சில் ஏதோ கேட்டான்.

"இல்லை, தனியாக இல்லை. இரண்டு பேர் வருகிறோம்."

ஃபோனை வைத்தாள். கப்பை மேசையில் இறக்கினாள். வெறும் சோசரை உள்ளங்கையில் ஏந்தி அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"தேத்தண்ணி ஆறுது, ரீச்சர்," என்றார் கேதீஸ்.

"ஆறட்டும். துவக்கத்திலை இருந்து."