நிகனோரின் அம்மா எப்படிப் பேசுவாள்?

"என் நாவல்ல எங்கம்மா கோமாளி மாதிரி பேசுறாங்க, மாயெஸ்த்ரா. சனிக்கிழமை ஊர் மண்டபத்துல அதை வாசிக்கணும். அம்மா முன்வரிசையில உட்கார்ந்திருப்பாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

இப்படிக் கேட்ட நிகனோருக்கு வயது ஐம்பத்து மூன்று. பெரு நாட்டு மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் தபால் பிரிக்கிற வேலை. இது அவனுடைய முதல் நாவல்.

மாயெஸ்த்ராவுக்கோ முப்பத்தாறுதான். நாலு நாவல் எழுதியவள். வயிற்றுப்பாட்டுக்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். தியோஃபிலா என்று பெயர் இருந்தாலும் ஊரே மாயெஸ்த்ரா என்றுதான் கூப்பிடும். அங்கே ஆசிரியையையும் கைதேர்ந்தவளையும் அப்படித்தான் அழைப்பார்கள், பெரியவர்களைத் 'தோன்' என்பதுபோல.

நீதிமன்ற வாசலில் நின்று வறுத்த சோளம் கொறித்துக்கொண்டிருந்தாள் அவள்.

"வாசிங்க, கேட்போம்."

நிகனோர் தாளைப் பிரித்தான். பன்னிரண்டு வயதில் அவன் படிப்புக்காகப் பட்டணம் கிளம்பிய காலை. பஸ் நிற்கிறது. அம்மா பேசுகிறாள். அம்மாவுக்குப் பேச வருவது மலைமக்களின் மொழியான கெச்சுவா மட்டும்தான். புத்தகமோ ஸ்பானிஷ். அதனால் அம்மாவின் வாயில் அரைகுறை ஸ்பானிஷை வைத்திருந்தான்.

"மலை பாக்கு. நாய் பாக்கு. நீ போறது போ. நான் பாக்கறது இல்லே."

மாயெஸ்த்ரா வாய்விட்டுச் சிரித்தாள். சோளம் சிதறியது.

நிகனோரின் முகம் சுண்டிப்போயிற்று.

"பதிப்பாளருக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றான். "இதுதான் அசல் மலைக்காரி பேச்சு, தலைநகரத்துல, லிமாவுல விழுந்து விழுந்து படிப்பாங்கன்னு எழுதியிருக்கார்."

"வேற மாதிரி எழுதிப் பார்த்தீங்களா?"

பார்த்திருந்தான். அடுத்த தாளை எடுத்தான்.

"அருமை மைந்தா! மலையரசன் உன்னை நோக்குகின்றான். நின் பிரிவைக் காண என் விழிகள் துணியா!"

"யாரு இந்தம்மா? பிஷப்போட தங்கச்சியா?"

நிகனோருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

"முதல்ல எழுதினதுல அவங்க மனுஷியா இல்லை. ரெண்டாவதுல எங்கம்மாவா இல்லை. கெச்சுவாவுலயே விட்டா லிமாவுல ஒருத்தருக்கும் புரியாது. லிமாவுல நான் மலைக்காரன். இங்கே வந்தா பட்டணத்தான்னு கிண்டல். நான் யாருன்னே எனக்குப் பிடிபடலை, மாயெஸ்த்ரா."

"நீங்க யாருன்னு அப்புறம் பார்ப்போம், தோன் நிகனோர். அன்னைக்கு அவங்க சொன்னதை அவங்க பேச்சிலயே சொல்லுங்க."

சொன்னான். கெச்சுவாவில் நாலே வாக்கியம்.

மாயெஸ்த்ராவும் கெச்சுவாக்காரிதான். சோளப் பொட்டலத்தை மடித்து வைத்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"பஸ்ல இருந்தவங்க யாராவது சிரிச்சாங்களா?"

"இல்லை. டிரைவர் தொப்பியைக் கழட்டினார்."

"அப்போ நான் சிரிச்ச சிரிப்பு எங்கேருந்து வந்துச்சு?"

நிகனோர் முதல் தாளை மறுபடி பார்த்தான்.

உள்ளே டவாலி பெயர் கூப்பிட்டான். "கடைசி பெஞ்சுல உட்காருங்க," என்று சொல்லிவிட்டு மாயெஸ்த்ரா போனாள்.

மேய்ச்சல் நிலத் தகராறு. சாட்சிக் கூண்டில் இலாரியா என்ற கிழவி. நீதிபதி கேட்டதும், மரியாதைக்காகத் தனக்குத் தெரிந்த ரெண்டு சொல் ஸ்பானிஷைச் சொல்லிப் பார்த்தாள். குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

மாயெஸ்த்ரா கிழவியின் பக்கத்தில் போய் நின்றாள். "உங்க பேச்சிலயே பேசுங்கம்மா."

கிழவி பேசினாள். மாயெஸ்த்ரா அதை ஸ்பானிஷில் சொன்னாள். 'இவர் என்ன சொல்கிறார் என்றால்' என்று ஆரம்பிக்கவில்லை. கூண்டில் நிற்பவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே அப்படி ஒரு வழக்கம்.

"மலை அங்கே நிற்கிறது. அதன் காலடியில் ஊற்று. ஊற்றுக்கு ஆடு வரும். ஆட்டுக்குப் பின்னால் நான் வருவேன்."

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லை எங்கேன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

"அதைத்தான் சொல்றாங்க, ஐயா. மலையிலேருந்து வந்தாத்தான் எல்லைக்கு வர முடியும்."

கிழவி நடுவில் நிறுத்தினாள். மாயெஸ்த்ராவும் நிறுத்தினாள்.

"இப்போ என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லலை, ஐயா. அதையும் கேட்டுக்குங்க."

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டான். கிழவி மறுபடி தொடங்கினாள்.

"வேலி போட்டவர்கள் என்னைக் கேட்கவில்லை. நான் கடைசியில் வருகிறவள்தானே. ஊற்றையாவது கேட்டிருக்கலாம்."

நீதிபதி நிமிர்ந்தார். மாயெஸ்த்ராவைப் பார்க்கவில்லை. கிழவியைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் மாயெஸ்த்ரா கேட்டாள். "நான் பேசின ஸ்பானிஷ் எப்படி, தோன் நிகனோர்? உசத்தியா, மட்டமா?"

நிகனோர் யோசித்துப் பார்த்தான்.

"கவனிக்கலையே. அந்தம்மா பேசினதுதான் கேட்டுச்சு."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கு உறைத்தது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஓடினான். ஐம்பத்து மூன்று வயதில், மலையேற்றத்தில், ஓட்டம்!

வீட்டில் அம்மா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "என்னடா, நாய் துரத்துச்சா?"

"நாலு வரி எழுதணும்மா."

"நாலு வரிக்கா இந்த மூச்சு வாங்கறே?"

சனிக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. லிமாவிலிருந்து பதிப்பாளர் வந்திருந்தார். அம்மா புதுத் தொப்பி வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். ஸ்பானிஷ் பேசத்தான் அவளுக்கு வராது. எளிமையாக யாராவது சொன்னால் புரியும்.

நிகனோர் அந்தப் பக்கத்துக்கு வந்தான். வாசித்தான்.

"மலை பார்க்கிறது. நாய் பார்க்கிறது. நீ போ. நான் பார்க்க மாட்டேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு ஆள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நிகனோர் ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டான்.

அம்மா எழுந்து நின்றாள்.

"பொய்!" என்றாள் கெச்சுவாவில், மண்டபமே அதிரும்படி. "நான் பார்த்தேன்டா. ஆட்டுப்பட்டி மதிலுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு, பஸ்ஸு வளைவு திரும்புற வரைக்கும் பார்த்தேன். நான் நிக்கறது தெரிஞ்சா நீ இறங்கி ஓடிவந்துடுவே. அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன்."

நாற்பத்தோரு வருஷம். நிகனோர் தாளை மடித்தான்.

பதிப்பாளர் மாயெஸ்த்ராவின் பக்கம் அவசரமாகக் குனிந்தார். "என்ன சொல்றாங்க அந்தம்மா? கொஞ்சம் மொழிபெயர்த்துச் சொல்லுங்களேன்."

"எனக்குச் சொல்லலை, ஐயா," என்றாள் மாயெஸ்த்ரா. "அவருக்குச் சொல்றாங்க."