நின்ற லாரிக்கு வந்த அழைப்பு

சங்ககிரியில் லாரி முதலாளி அர்த்தனாரியை அறியாதவர் இல்லை. அவருடைய லாரி எந்த ஊரில் நின்றாலும், அதில் பொருத்திய கண்காணிப்புக் கருவியால் அவர் கைப்பேசி கூவும். அடுத்த நொடியே அவர் ஓட்டுநரிடம் கூவுவார்.

ஓட்டுநர்களைத் தூங்கவிடுவதில்லை என்று புகார் போயிற்று. விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வருவதாகத் தெரிந்ததும், முதலாளி ஓட்டுநர் சடையனை அழைத்தார்.

"எப்ப ஓட்டறது, எப்ப நிறுத்தறதுன்னு எல்லாம் எங்க இஷ்டந்தான்னு அந்தம்மாகிட்ட நீ சொல்லோணும். மாத்திச் சொன்னீன்னா, சாவியக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போயிரு."

"அப்படியே சொல்றனுங்க."

அதிகாரி வந்ததும், முதலாளியின் அறையில் அவர் எதிரிலேயே சடையன் ஓர் எழுத்தும் மாற்றாமல் சொன்னான். அதிகாரி நம்பவில்லை.

"இப்பவே காட்டறனுங்கம்மா" என்ற சடையன், ஓசூர்ச் சாலையில் லாரி ஓட்டிப் போய்க்கொண்டிருந்த இன்னொரு ஓட்டுநர் மாதப்பனைக் கைப்பேசியில் அழைத்தான். "அண்ணே, ஓரங்கட்டிட்டுக் கொஞ்சம் தூங்குங்க."

லாரி நின்றது. மேசைமேல் முதலாளியின் கைப்பேசி கூவியது. எதிரில் அதிகாரி இருப்பதை முதலாளியின் பழக்கம் பொருட்படுத்தவில்லை.

"எவன்டா வண்டிய நிறுத்தச் சொன்னது? எடுடா மாதப்பா!"

அதிகாரி பேனாவைத் திறந்தார். முதலாளி சடையன் பக்கம் கை நீட்டினார். "சாவியக் குடுடா!"

"நான் மாத்திச் சொல்லலீங்களே, முதலாளி. நிறுத்தறது எங்க இஷ்டந்தானுங்க. நின்ன வண்டி நிக்கலாமா கூடாதாங்கறதுதான் உங்க இஷ்டம்."

"சாவி அவரிடமே இருக்கட்டும்," என்றார் அதிகாரி. "நீங்கள் அந்தக் கைப்பேசியைக் கொடுங்கள்."

மறு அழைப்பு வராததால், ஓசூர்ச் சாலையோரம் மாதப்பன் நிம்மதியாகத் தூங்கினான்.