இருட்டில் ஏறிய எண்

அறுவைக் கத்தியில் பேரெடுத்த டாக்டர் தவசிமுத்து, ஒளி வைத்தியம் கற்றுக்கொள்ளத் தன்னைவிட இளையவளான ஜெசிந்தாவிடம் போய்ச் சேர்ந்தார். கூட இருந்த டாக்டர்கள் வாய்க்குள் சிரித்தார்கள். அவர் சட்டை செய்யாமல் அவளை 'டீச்சர்' என்றே கூப்பிட்டார்.

எல்லாம் மிக்கேலுக்காக. தூத்துக்குடியில் மீன் ஏலம் கூவுகிறவர். நாக்கில் கட்டி. வெட்டினால் உயிர் மிஞ்சும், குரல் மிஞ்சாது. மருந்தேற்றி, கட்டியின்மேல் சிவப்பு வெளிச்சம் பாய்ச்சினால் கட்டி மட்டும் கருகும் என்றார்கள். தவசிமுத்து பாய்ச்சிப் பார்த்தார். மேலாகக் கருகியதே தவிர, அடிக்கட்டி அசைந்து கொடுக்கவில்லை.

"வெளிச்சத்தை இன்னும் எவ்வளவு கூட்டணும், டீச்சர்?"

ஜெசிந்தா மிக்கேலுக்கு மறுபடி மருந்தேற்றச் சொன்னாள். இதுவும் பலிக்காவிட்டால் கத்திதான் என்பது மூவருக்கும் தெரியும்.

மருந்தேறிய உடம்பில் வெயில் படக்கூடாது என்று ஜன்னலையெல்லாம் மூடிய அறை. கட்டிக்குள் எவ்வளவு பிராணவாயு இருக்கிறதென்று காட்ட ஒரு சின்னத் திரை. வெளிச்சம் விழுந்ததும் அதிலிருந்த எண் மளமளவென்று இறங்கியது. அடிமட்டத்துக்கு வந்ததும் ஜெசிந்தா விளக்கை அணைத்துவிட்டாள்.

"கரண்டு போயிட்டா?" என்றார் மிக்கேல்.

"இல்லண்ணே. நல்லா மூச்சை இழுத்து விடுங்க."

போட்ட மருந்து வீணாகிறதே என்று தவசிமுத்துவின் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. ஜெசிந்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு திரையைக் காட்டினாள்.

எண் ஏறிக்கொண்டிருந்தது. மிக்கேல் மூச்சை இழுக்க இழுக்க, மெல்ல மெல்ல ஏறியது. அந்த வாயுதான் வெளிச்சம் பட்டதும் கட்டிக்கு நஞ்சாகிறது என்று தவசிமுத்து படித்திருக்கிறார். அது வெளிச்சத்தில் தீர்ந்துபோய், மூச்சோடு மறுபடி வந்து சேர்வதைக் கண்ணால் கண்டது அன்றுதான். எத்தனையோ உடம்பைத் திறந்து பார்த்த மனிதருக்கு மேனி சிலிர்த்தது.

எண் நிறைந்ததும் ஜெசிந்தா விளக்கைப் போட்டாள். இறங்கியதும் அணைத்தாள். இப்படியே அந்தக் காலைப்பொழுது போயிற்று.

கட்டி கருகி உதிர்ந்தது. கொஞ்ச நாள் கழித்து மிக்கேல் போன் செய்தார். நலம்கூட விசாரிக்கவில்லை. சீலா மீனுக்கு ஏலம் கூவிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

தவசிமுத்து போனை வைக்க மனமில்லாமல், பக்கத்திலிருந்த ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"அன்னைக்கு இருட்டுல நான் சுவிட்சைப் போட்டிருந்தா, டீச்சர்?"

"வைத்தியம் அங்கேயே நின்னிருக்கும், டாக்டர்."