ஓட்டைக்கு இரண்டு பக்கம்

வீட்டுத் தோட்டத்தில் பாம்பு வராமலிருக்க என்ன செய்வது என்று கேட்கிறார்கள். விறகைச் சுவரோரம் அடுக்காதே. எலியைச் சேரவிடாதே. ஓட்டையை அடை. வாசலில் ஆகாச கருடன் கிழங்கைக் கட்டித்தான் தீருவேன் என்றால் கட்டிக்கொள், அது பாட்டுக்குத் தொங்கட்டும். இனி கதை.

அரக்கோணத்துப் பக்கம் ஓர் ஊர். அண்ணன் தணிகாசலம், தம்பி ஏகாம்பரம். அப்பன் செத்ததும் வீட்டைப் பிரித்துக்கொண்டு, தோட்டத்தின் நடுவே ஆளுயரச் சுவர் வைத்தார்கள். தம்பி வீட்டுக் கழுவுநீர் அண்ணன் பக்கம்தான் ஓடியாக வேண்டும், பள்ளம் அங்கேதான். அதற்காகச் சுவரின் அடியில் ஓர் ஓட்டை. அண்ணனுக்கு அந்த ஓட்டையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

தாய் குப்பம்மா சின்னவனோடு இருந்தாள். சின்னவன் மனைவி மரகதம் எட்டு மாத கர்ப்பிணி. இது இரண்டாவது. முதல் பிள்ளை வயிற்றிலேயே செத்துவிட்டது. அந்தச் சமயத்தில் ஏகாம்பரம் தோட்டத்தில் ஒரு சாரையை அடித்திருந்தான். மனைவி முழுகாமல் இருக்கையில் புருஷன் பாம்பைக் கொல்லக் கூடாது, பிணத்துக்குக் கொள்ளி வைக்கக் கூடாது. அந்த ஊர் வழக்கம் அது. பிறகு கேட்க வேண்டுமா? "எம்மவனே எம்பேரனைத் தின்னுட்டான்" என்று குப்பம்மாவே தெருவெல்லாம் சொல்லி வந்தாள்.

ஒரு நாள் காலையில் விறகுக்கு அடியில் நல்ல பாம்பு. படம் எடுத்து நின்றது. ஏகாம்பரம் கம்பை எடுத்தான். தாய் கையைப் பிடித்தாள்.

"கீழ போடுடா. ஒண்ணைத் தின்னது பத்தலையா?"

"அப்போ வூட்டுக்குள்ள கூப்ட்டு உட்கார வெக்கிறதா?"

"அந்தப் பக்கம் தள்ளி வுடு. அங்க இன்னா, புள்ளத்தாச்சியா கீறா?"

தணிகாசலத்துக்குக் குழந்தை இல்லை. அதைத்தான் சொன்னாள்.

தண்ணீர் ஓடாத நேரத்தில் எலி வராமலிருக்க ஓட்டையில் அடைத்துவைக்கும் துணியை ஏகாம்பரம் உருவினான். மண்ணெண்ணெயைத் தெளித்து, மூங்கிலால் நெருக்கி, பாம்பை ஓட்டைக்குள் விரட்டினான். அண்ணனுக்கு ஒரு குரல் கொடுக்கவில்லை. குப்பம்மா குனிந்து துணியைத் திரும்பத் திணிக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பக்கம் தணிகாசலம் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தான். பாம்பு பாதி வெளியே வந்ததைப் பார்த்துக் கத்தினான். கையில் மண்வெட்டி. ஒரு போடு போதும். அவன் சத்தம் கேட்டுக் குப்பம்மா சுவருக்கு இப்பாலிருந்து சொன்னாள்.

"பெரியவனே, அடிச்சிடு. உனக்குத் தோசமில்ல."

"உன் சின்ன மவன் வூட்டு விருந்தாளி. நீயே ஆக்கிப் போட்டு வெச்சுக்கோ."

"டேய், துணி அடைக்கிறேன். கை உள்ள கீது."

"வெச்சுக்கோ."

மண்வெட்டியைத் திருப்பி, காம்பால் பாம்பை உள்ளே குத்தித் தள்ளினான். அது திரும்பி வந்த வழியில் தாயின் கை இருந்தது. கடித்துவிட்டு வெளியே வந்து வேலிப்பக்கமாகப் போயிற்று. அதை யாரும் அடிக்கவில்லை.

ஆட்டோவில் போகும்போதே அவளுக்கு இமை சரிந்தது. நாக்குக் குழறிற்று. சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவன் கை எம்மேல படக் கூடாது. நீதான் கொள்ளி வெக்கணும். சத்தியம் பண்ணு" என்றாள். சாகிறவளிடம் எவன் வாதாடுவான்? சத்தியம் செய்தான். ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் முடிந்துவிட்டது.

பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தணிகாசலம் தலையை மழித்துக்கொண்டு ஈர வேட்டியோடு வந்து நின்றான்.

"உன் பொண்டாட்டி முழுகாம கீறா, நீ வெக்கக் கூடாது. தலைப்பிள்ளை நான். வழி வுடு."

"உன் கை படக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கா."

"அப்பிடியா? போ, நீயே போய் வை. இந்த வாட்டி எது போவுதுன்னு பார்த்துடலாம்."

மரகதம் உள்ளேயிருந்து வந்தாள். அழவில்லை. புருஷனிடம் சொன்னாள்: "செத்தவங்களுக்கு இன்னா தெரியப் போவுது மாமா? நீ சுடுகாட்டுல கால் வெச்சா, இதுக்கு அப்பன் நீ இல்ல. எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."

குப்பம்மாவின் தம்பி ஒருவர் இருந்தார். தாய்மாமன். "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒதுங்குங்கடா, நானே வெச்சிட்டுப் போறேன்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். பாடை கட்டியாகிவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாராவது ஒருவன் சட்டியைத் தூக்க வேண்டும்.

சத்தியம் செய்த ஏகாம்பரமா, கடித்த பாம்பைத் தள்ளிய தணிகாசலமா, எதிலும் சேராத மாமனா? கொள்ளி வைக்க வேண்டியவன் யார்? யோசித்துவிட்டுக் கீழே படி.

விடை: தணிகாசலம். மாமன் வைத்தால் இரண்டு பேரும் தப்பித்துக்கொள்வார்கள், அதனால் அவர் வேண்டாம். தோஷம் உண்டா இல்லையா, எனக்குத் தெரியாது. மரகதம் பயப்படுகிறாள், எட்டு மாத வயிற்றுக்கு அந்தப் பயமே ஆகாது. ஆகவே ஏகாம்பரம் வீட்டில் இருக்கட்டும். தாய்க்குச் செய்த சத்தியத்தைத் தின்றவன் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். துணியை உருவும்போது சுவருக்கு அந்தப் பக்கம் மனுஷன் இருப்பான் என்று நினைக்காதவனுக்கு அது வேண்டும். பெரியவன் கை படக் கூடாது என்று தாய் சொன்னாளே என்பாய். அவள்தானே பாம்பை அந்தப் பக்கம் தள்ளச் சொன்னாள், அவள் சொல்லை இன்னொரு தரம் கேட்க வேண்டாம். பெரியவனுக்கு அவள் கை உள்ளே இருப்பது தெரியும். அவளே சொன்னாள், அவன் பதிலும் சொன்னான். கொள்ளி அவனுக்கு உரிமை இல்லை, தண்டனை. அந்தக் கையின் மேல் அவனே விறகை அடுக்கட்டும்.