பேனாவைத் தூக்காமல் எழுதிய விடை

மாசிலாமணி, திருவேங்கடம், பிச்சைமுத்து மூவரும் ஆலங்காட்டூர் கல்லூரியில் கணக்குப் படித்தார்கள். படித்தார்கள் என்று வருகைப்பதிவு சொல்கிறது, நானும் மறுக்கவில்லை. மூவருக்கும் ஒரே பேப்பரில் அரியர்.

மற்ற இருவருக்கும் அது வெறும் அரியர். மாசிலாமணிக்கோ கல்யாணமே அதில்தான் தொங்கியது. மாமா மகள் செண்பகம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "பாஸ் பண்ணிட்டு வா, கழுத்தை நீட்டுறேன். இல்லேன்னா எங்க வாசப்படி மிதிக்காதே."

குணசீலி மேடம், பாவம், தனி வகுப்பு வைத்தார். "இந்தக் கேள்வி கட்டாயம் வரும்பா. தொடர்ச்சியான சார்பைத் தொடர்ச்சியான சார்பால வகுத்தா, வர்றதும் தொடர்ச்சியானதுன்னு நிரூபிக்கணும். தொடர்ச்சின்னா பேனாவைத் தூக்காம இழுக்குற கோடு மாதிரி. ஒண்ணுல மட்டும் உஷார், கீழே பூஜ்யம் வரக்கூடாது. அக்கம்பக்கத்துலகூட வரக்கூடாது."

மூவரும் பலமாகத் தலையாட்டினார்கள். விடுதிக்கு வந்து பழைய விடைத்தாள் ஒன்றைப் புரட்டியபோது பிச்சைமுத்து அலறினான்.

"டேய், பத்தாம் பக்கத்துல கீழே பூஜ்யம் அச்சடிச்சிருக்கான்டா!"

மாசிலாமணி விடைத்தாளைப் படாரென்று மூடினான். "நல்லவேளை பார்த்தே. பத்துல எழுதவே மாட்டேன்."

"அக்கம்பக்கம்னாங்களே? ஒன்பதையும் விடணும்" என்றான் திருவேங்கடம்.

"ஒன்பது தூரம்டா. ஒன்பதரைதான் பக்கம்."

"ஒன்பதே முக்கால் இன்னும் பக்கம்."

"அப்ப ஒன்பதே முக்காலே அரைக்கால்?"

சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நெருங்கி நெருங்கிப் போனார்கள். பத்துக்கு அடுத்த வீட்டில் இருக்கும் எண் எது என்று மட்டும் அகப்படவே இல்லை. "வம்பே வேண்டாம், எட்டோட நிறுத்திக்க" என்று முடிவாயிற்று.

பரீட்சை அன்று திருவேங்கடமும் பிச்சைமுத்துவும் பெயர் எழுதியதும் பழக்கதோஷத்தில் பேனாவைத் தூக்கிவிட்டார்கள். போச்சு. தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து ஜன்னலோரம் நின்றார்கள்.

மாசிலாமணி தூக்கவில்லை. புள்ளி வைக்கிற எழுத்துக்கெல்லாம் கோட்டோடு ஏறி, வைத்து, கோட்டோடு இறங்கினான். பக்கம் திருப்பும்போது தாளின் விளிம்பு வழியாகவே மறுபக்கம் போனான். மேற்பார்வைக்கு வந்தவர் எட்டிப் பார்த்து, "என்னப்பா இது, நூல்கண்டு அவுந்த மாதிரி?" என்றார். மாசிலாமணி நிமிராமல் அடுத்த வரிக்குக் கோட்டை இழுத்தான்.

எட்டாம் பக்கம் முடிந்தது. விடை முடியவில்லை. மணி அடித்ததும் அவர் தாளை உருவினார். பேனா மேஜையில் கோடு போட்டது.

"ஐயோ சார், அறுந்துடும்!"

"விடாதே மாப்ள! அப்படியே எழுதிக்கிட்டே வா!" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

மேஜை, சுவர், கதவு, கல்லூரி மதில் என்று எழுதிக்கொண்டே வந்தான். தோழர்கள் இருவரும் முன்னால் ஓடி வழிவிடச் சொன்னார்கள். எங்கே போவது? பாஸா இல்லையா என்று கேட்கப்போகிறவள் வீட்டுக்குத்தானே? தெருத்தெருவாக எழுதி, மாமா வீட்டு மதில் வழியாக வாசலுக்கே வந்து நின்றான்.

"பாஸா?" என்றாள் செண்பகம்.

"இன்னும் எழுதிக்கிட்டிருக்கேன்."

மாமா அசந்துபோனார். "இவ்வளவு தூரம் எழுதியிருக்கான், மார்க் போடாம விட்டுடுவாங்களா? நாள் பாத்துடலாம்."

செண்பகம் அப்படியெல்லாம் ஏமாறுகிறவள் இல்லை. கோட்டை விரலால் தடவிக்கொண்டே மதில் கடைசிவரை போய்த் திரும்பினாள். "நடுவுல ரெண்டு முழத்துக்குக் கோடே இல்லையே?"

"இருக்கவே முடியாது! அங்க உங்க மாடு சாஞ்சு நின்னுச்சு. அது விலா மேல போட்டிருக்கேன்."

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்தது.

மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. பேனாவை மதிலிலிருந்து எடுக்காமலே அழுதான். தோழர்கள் ஓடிப்போய் மாட்டைப் பிடித்து வந்து அதே இடத்தில் நிறுத்தினார்கள். அது தலையைப் பழைய பக்கம் வைக்காமல் எதிர்ப்பக்கம் வைத்து நின்றது. கோடு போட்ட விலா மதிலைப் பார்த்து மறைந்துபோயிற்று.

"திருப்பி நிறுத்தட்டுமா?" என்றான் பிச்சைமுத்து.

"எழுதின விடையை நகர்த்தினா காப்பி அடிச்சதாயிடும்டா" என்று திருவேங்கடம் தடுத்தான்.

அதுவும் நியாயம்தான் என்று மாமா கடப்பாரை எடுத்துக் கொடுத்தார். இப்போது மதிலை இடித்து, விலாக் கோடு வெளியே தெரியும்படி மாட்டுக்கு அந்தப் பக்கமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். செண்பகம் சாந்து குழைக்கிறாள். மதில் காய்ந்ததும் கல்யாணம், அதுவரை மாடு அசையாமல் இருக்க வேண்டும்.